மூத்தாரின் உல்லன் கோட்டு

என் மகனும் மருமகளும் அடுத்த வாரம் மணாலிக்குப் போகிறார்கள். அதற்காக ஒரு வாரமாக எங்கள் கூடம் துணிக்கடை போலக் கிடக்கிறது. வெளியே திண்டுக்கல் வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே என் மகன் முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு, இரண்டு மின்விசிறிக்குக் கீழே நடந்து பழகுகிறான். "அத்தை, இந்த ஜாக்கெட் மைனஸ் பத்து வரைக்கும் தாங்கும்" என்கிறாள் மருமகள். தாங்கட்டும். ஜாக்கெட் தாங்கும், இவர்கள் தாங்குவார்களா என்றுதான் தெரியவில்லை. பனியே விழாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "போட்டோவாவது எடுக்கலாம்ல" என்றாள். அதுவும் சரிதான்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கித் திறந்தபோது அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. அந்த வாசனை வந்தால் எனக்கு மூத்தார் வந்துவிடுவார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். உத்தியோக விஷயமாக டெல்லியில் ஒரே ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு குளிர் என்பது அவருடைய சொந்தச் சொத்தாகிவிட்டது. எங்கள் தெருவில் யாராவது மார்கழியில் சால்வை போர்த்திக்கொண்டு போனால், "இதெல்லாம் ஒரு குளிரா" என்று அவர்கள் காதில் விழும்படி சிரிப்பார். அங்கே வாங்கிய உல்லன் கோட்டு ஒன்று பீரோவுக்குள் அந்துருண்டைகளுக்கு நடுவே சாமி போலத் தொங்கும். திண்டுக்கல்லில் அதை எங்கே போடுவது? அதற்காகவே கொடைக்கானல் பயணம் கிளம்பியது என்று இன்றும் நினைக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி முதல் கோடை. வேன் பிடித்து இரண்டு குடும்பமாகப் போவதாக ஏற்பாடு. மூத்தாரின் மனைவி பாக்கியம் அக்கா அப்போதுதான் நிமோனியாக் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். ஆனாலும் மலையின் வானத்தை நம்ப முடியாது என்று தனக்கொரு தடித்த கம்பளியையும், மாற்றுக்கு ஒரு சின்னாளப்பட்டிச் சேலையையும் பையில் வைத்திருந்தார். மூத்தார் இரண்டையும் எடுத்துக் கட்டிலில் போட்டார்.

"கம்பளியத் தூக்கிட்டுப் போனா பட்டிக்காட்டாய்ங்கன்னு நெனைப்பாய்ங்க. மே மாசத்துல மழ எங்கிட்டு வரும்? கொடைக்கானல் சீசன் எனக்குத் தெரியாதா?"

காலியான இடத்தில் அவருடைய மப்ளர், கையுறை, குரங்குக் குல்லா, பிளாஸ்க் எல்லாம் ஏறின. கோட்டு மட்டும் பையில் ஏறவில்லை. வத்தலக்குண்டு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வியர்வை தாடையில் வடிந்து மடியில் சொட்டியது. "இப்பவே போட்டு ஒடம்பப் பழக்கணும்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பயிற்சி.

மலையில் மதியம் வரை பளிச்சென்று வெயில். மூத்தார் ஏரிக்கரையில் கோட்டோடு நின்று நாலு படம் எடுத்துக்கொண்டார். பிறகு தூண் பாறை பார்க்கப் போனோம். வேனை விட்டு இறங்கி நடந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் இருட்டிக்கொண்டு ஆலங்கட்டி மழை கொட்டியது. சோளக்கதிர் சுடுகிற ஒருவரின் படுதாவுக்குக் கீழே ஒண்டினோம். நைலான் சேலையில் நனைந்து அக்காவுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. என் முந்தானையைப் போர்த்தினேன். அதுவும் ஈரம்.

"ஏங்க, அந்தக் கோட்டச் செத்த நேரம் குடுங்களேன்" என்றார் அக்கா.

"இது உல்லன்டி. ஈரத்து மேல போட்டா சுருங்கிப் போயிரும்" என்றார் மூத்தார்.

என் வீட்டுக்காரர் தன் சட்டையைக் கழற்றப் போனார். "பனியனோட நிப்பியாடா? மானம் போகவா?" என்று அண்ணன் ஒரு அதட்டுப் போட்டதும், கழற்றிய பொத்தானைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார். அந்தப் பொத்தானை நான் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மழை தணிந்து, பஸ் நிலையம் பக்கத்தில் சாப்பிட வேனை நிறுத்தினோம். மூத்தார் நாற்காலியில் சாய்ந்து, பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தி விட்டுக்கொண்டு சூடாகச் சூப் சொன்னார். அக்கா உட்காரவே இல்லை.

"நான் ஊருக்குப் போறேன்."

"எந்த ஊருக்கு?"

"திண்டுக்கல்லுக்குத்தான். அங்க வெயிலடிக்கும்."

குரலில் கோபமே இல்லை. சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரே உறுமிக்கொண்டு நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார். அதுவரை தனியாக ஒரு ஊருக்கும் போகாதவர். மூத்தார் குனிந்து கயிற்றைக் கட்டினார். டெல்லிக் கட்டு, இரண்டு சுற்று. கட்டி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. மறுபடி தூற ஆரம்பித்த மழைக்குள் கையை ஆட்டிக்கொண்டே ஓடினார். கோட்டு நனைந்தது. பிறகு அதன் பொத்தான் அவர் வயிற்றில் எட்டவே இல்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது அக்கா வெந்நீரில் குளித்துவிட்டு, ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவளுக்கு மலையேத்தம் ஒத்துக்கல. நாந்தான் பஸ் ஏத்தி விட்டேன்" என்று மூத்தார் சொந்தபந்தங்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். அக்கா மறுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கல்யாணமோ காதுகுத்தோ, அவரோடு சேர்ந்து போனதில்லை. மூத்தார் முன்னால் போவார். அக்கா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவார். ஏன் என்று கேட்கும் தைரியம் மூத்தாருக்குக் கடைசி வரை வரவில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் ஒருமுறை கேட்டேன். "அன்னைக்குப் பஸ்ஸுல ரொம்பக் குளிருச்சாக்கா?"

"குளிரா? எஞ்சின் பெட்டியில சாஞ்சுக்கிட்டேன். கதகதன்னு இருந்துச்சு. மல எறங்குறதுக்குள்ள சேல காஞ்சிருச்சு" என்றார். சொல்லும்போது புதுப்பெண் போல முகம் மலர்ந்தது.

மூத்தாரும் போய்ச் சேர்ந்தாயிற்று, அக்காவும் போயாயிற்று. கொடைக்கானல் விடுதிகளில் இப்போது மின்விசிறி மாட்டியிருக்கிறார்களாம். அந்த மலை ஒரு காலத்தில், ஒருத்தி தன் புருஷனிடம் கோட்டுக் கேட்டு நிற்கிற அளவுக்குக் குளிர்ந்தது என்று சொன்னால், கூடத்தில் பூட்ஸ் போட்டு நடக்கிற இந்தப் பிள்ளைகள் நம்பப் போவதில்லை.