விரலக்காவின் சாட்சி

பத்து வருடமாக அந்தப் பட்டறையில் புத்தர் சிலைகளின் கைகளைத் தேய்த்து மெருகேற்றுவது அவள்தான். அதனால் எல்லோருக்கும் அவள் விரலக்கா. அன்று கடையிலிருந்து நாற்பது சிலைகள் விரல் ஒடிந்து திரும்பி வந்தன.

"எல்லாம் உன் கைராசி! நாளைலேருந்து வராதே" என்றார் முதலாளி.

வாயில்லாப் பூச்சி என்று பெயர் வாங்கியவளுக்குச் சுள்ளென்று ஏறியது. சிலை வார்க்கும் சுண்ணாம்பு மாவை மிச்சம் பிடிக்கச் சிலைக்கு அடியிலிருந்த தாமரைப் பீடத்தை வெட்டச் சொன்னவரே அவர்தான். பீடம் போனதும், முழங்காலைத் தாண்டித் தொங்கும் வலது கை தரையில் இடித்தது.

"அப்பவே வேணாம்னு சொன்னேனே ஐயா, கேட்டீங்களா?"

"யாரு சாட்சி?"

அவள் சொன்னதை அன்று பக்கத்தில் நின்று கேட்ட, சிலைகளை அடுக்குகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஞானம் வந்ததுக்கு யாரு சாட்சின்னு இந்தப் புத்தரையும் கேட்டாங்க. இந்தக் கையாலதான் பூமியைத் தொட்டுக் காட்டினாரு. எனக்கும் அதுவே சாட்சி" என்றாள் அவள்.

புதுச் சிலை ஒன்றைத் தரையில் வைத்துத் தன் கையை எடுத்தாள். சிலை முன்னால் சாய்ந்தது. மொத்தப் பாரமும் விரலில் இறங்க, மடக்கென்று ஒடிந்தது.

முதலாளி ஒடிந்த விரல் துண்டைக் காலால் தள்ளினார். "சரி சரி, போய் வேலையைப் பாரு."

"முதல்ல பீடத்தைப் போடுங்க, அப்புறம் பாக்குறேன்" என்று அவள் உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.