குலுக்காத போத்தல்

குழந்தைக்கு மருந்து கொடுப்பதில் எங்கள் நீர்வேலி ஊரில் என்னை வெல்ல ஆளில்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும். சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டரை மாதம். குடித்த பால் எதுக்களித்து வெளியே வந்துவிடும். கடைவாயில் வழிகிற சின்னக் கக்கல் இல்லை. என் சேர்ட், அவள் சட்டை, பாய் எல்லாம் நனையும். பிறகு முதுகை வளைத்துக்கொண்டு வீரிட்டு அழுவாள். பிள்ளையின் வளர்ச்சியைக் குறிக்கிற கிளினிக் மட்டையில் நிறைப் புள்ளி மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் குழந்தை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். வயிற்றுப் புளிப்பைக் குறைக்கிற வெள்ளை மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் பார்ப்போம், நிறை ஏறாவிட்டால் தாய்ப்பாலைக் குறைத்துப் பால்மா தொடங்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார்.

அந்தச் சொல் என் மனைவியை நன்றாகத் தைத்துவிட்டது. ஏற்கெனவே பக்கத்து வளவில் இருக்கிற என் அக்கா நாளுக்கு மூன்று தடவை வந்து அவளுடைய பாலைப் பற்றித்தான் பேசுவார்.

"நீ வாழைப்பழம் திண்டிருப்பாய். அதுதான் பால் புளிச்சுப் பிள்ளைக்கு ஒத்துவரேல்லை."

"ஐயோ மச்சாள், பிள்ளை பிறந்த நாளிலை இருந்து ஒரு பழம் வாயிலை வைக்கேல்லை."

வாழைத்தோட்டக்காரன் பெண்சாதி அவள். இதரைப்பழம் என்றால் உயிர். விறாந்தையில் குலை பழுத்துத் தொங்க, அதைப் பார்த்துக்கொண்டே சோறும் பிள்ளைப்பெற்றவளுக்கு வைக்கிற பத்தியச் சரக்குக்கறியும் சாப்பிட்டாள். பழத்துக்குப் பிறகு தக்காளியை விட்டாள், பிறகு பருப்பை, கடைசியில் மீனையும். ஆள் அரைவாசியாகிப் போனாள்.

மருந்து கொடுக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் பால் கொடுக்க அரை மணித்தியாலம் முன்பு கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் நின்ற பெண்பிள்ளை, "நல்லாக் குலுக்கிப்போட்டுக் குடுங்கோ அண்ணை" என்று சொல்லித்தான் தந்தாள். முதல் நாள் குலுக்கினேன். நுரை பொங்கியது. ஊசியில்லாத சிரிஞ்சில் இழுத்தால் பாதி குமிழி. கொடுத்த கையோடு பிள்ளை காற்றுப் பிரிய ஒரு ஏவறை விட்டு எல்லாவற்றையும் என் மடியில் கொட்டினாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊருக்கே தெரியும். எங்கள் ஊரில் எந்த நோய் வருத்தத்துக்கும் முதலில் வாய்வைத்தான் பிடிப்போம். நானும் பிடித்தேன்.

"பிள்ளைக்கே வாய்வு! குலுக்கக் குலுக்க இன்னும் காத்தெல்லோ ஏறுது. இனி ஒருத்தரும் இந்தப் போத்தலை ஆட்டப்படாது!"

"குலுக்கச் சொல்லித்தானேப்பா எழுதியிருக்கு" என்றாள் மனைவி.

"எழுதினவன்ரை பிள்ளைக்கு வாய்வு இல்லைப் போலை."

அன்று முதல் அப்படியே நடந்தது. பிரிட்ஜிலிருந்து அந்தப் போத்தலை நான் எரிகிற விளக்கை எடுப்பதுபோல எடுப்பேன். பிள்ளையை என் இடது கையில் சற்று நிமிர்த்திப் பிடித்து, சிரிஞ்சைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து, துளித்துளியாக விடுவேன். துப்பப் பார்த்தால் முகத்தில் மெல்ல ஊதுவேன், விழுங்கிவிடுவாள். ஒரு சொட்டு வெளியே வராது. மண்வெட்டி பிடித்த கை ஐயா இது! அக்காவே, "உவன் ஒரு அலுவலை இவ்வளவு பொறுமையாச் செய்து நான் காணேல்லை" என்றார். எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. ஆனால் கக்கல் நின்றபாடில்லை. ஒன்பதாம் நாள் மனைவி குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதாள்.

"என்ரை பால்தான் பிழையெண்டால் நிப்பாட்டிப் போடுவம் அப்பா. பிள்ளை தேறினால் காணும்."

மருந்தடிக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

வாழை இலையில் புள்ளி விழுந்திருந்தது. அதற்கு அடிக்கிற தூளை வாளியில் கரைத்து மெசினில் ஊற்றி முதுகில் மாட்டினேன். இந்த வேலையில் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். நாலு அடிக்கு ஒரு தடவை முதுகு தானாகவே குலுங்கும். அன்று மனம் வேறெங்கோ இருந்தது. பாதியில் மெசினை இறக்கி வைத்துவிட்டு வரம்பில் குந்தி யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்ப மாட்டி அடித்தால் மெசினின் குழாய் வாயில் அடைப்பு. எரிச்சலோடு மூடியைத் திறந்து பார்த்தேன். மேலே தெளிந்த தண்ணீர். தூள் முழுக்க அடியில் சேறாகக் கிடந்தது.

"அட மடையா!" என்று வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்துத் தோட்டக்காரர் தன்னைத்தான் ஏசினேன் என்று நினைத்து எழும்பி நின்றார்.

தொட்டியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை இரண்டு தடவை கழுவிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தேன். அதே கதை. மேலே வெளிறிய தண்ணீர், அடியில் வெள்ளை மண்டி. எட்டு நாளும் என் பிள்ளைக்கு நான் கொடுத்தது சும்மா தண்ணீர். ஒரு சொட்டும் சிந்தாமல், அவ்வளவு பக்குவமாகக் கொடுத்திருக்கிறேன்!

உடனே குலுக்கிக் கொடுக்கத்தான் கை துடித்தது. மனைவிதான் தடுத்தாள். "இப்ப அடியிலை கிடக்கிறது கூடிப்போகுமப்பா. டொக்டரிட்டைக் கேப்பம்" என்றாள். அவள் சொன்னதையே வைத்தியரும் சொன்னார். அந்தப் போத்தலை வாங்கி வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று எழுதினார். நுரைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "குலுக்கிப்போட்டு ஒரு நிமிசம் வையுங்கோ, குமிழி அடங்கும். பிறகு எடுங்கோ" என்றார். இவ்வளவுதான் விஷயம். ஒரு நிமிடம் பொறுக்கத் தெரியாத மனிதன் நான்.

அதன் பிறகு குலுக்கினேன், வைத்தேன், அறுபது வரை எண்ணினேன், கொடுத்தேன். நாலாம் நாள் கக்கல் குறைந்தது. ஒரு கிழமையில் பால் குடித்துவிட்டு அழாமல் என் தோளில் கிடந்து கூரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

மூன்று கிழமை முடிந்ததும் கிளினிக்குக்குப் போனோம். மோட்டார்சைக்கிள் பையில் ஒரு சீப்பு இதரை வைத்துக்கொண்டு நான் முன்னால் போனேன். அவளும் பிள்ளையும் அக்காவும் ஓட்டோவில் வந்தார்கள். பிள்ளையைத் தராசில் கிடத்தியபோது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிறை பார்க்கிற மருத்துவிச்சி, மிட்வைப் மிஸ், இரண்டு தடவை பார்த்தார்.

"நானூறு கிராம் கூடியிருக்கு! என்ன செய்தனீங்கள்? பால்மா ஏதும் தொடங்கினீங்களோ?"

"இல்லை மிஸ், தாய்க்குப் பத்தியம் இறுக்கினது..." என்று அக்கா தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கிளினிக் முழுக்கத் தாய்மார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னேன்.

"பத்தியமும் இல்லை, ஒண்டுமில்லை. இவளின்ரை பாலிலை ஒரு பிழையும் இல்லை, அண்டைக்கும் இல்லை, இண்டைக்கும் இல்லை. மருந்துப் போத்தலைக் குலுக்காமல் எட்டு நாள் பச்சைத்தண்ணி பருக்கினது நான். பிழை என்ரை."

வாழ்க்கையில் நான் சத்தம் போட்டதில் வெட்கப்படாதது அது ஒன்றுதான். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மிஸ் மட்டையில் புள்ளியைப் போட்டார். அது சரியான நிறையைக் காட்டுகிற பச்சைக் கோட்டுக்குள் ஏறியிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் பையைத் திறந்தேன். என் மனைவி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, நின்றபடியே நாலு பழம் சாப்பிட்டாள். ஐந்தாவதை அக்கா உரித்து நீட்டினார். "திண்ணு பிள்ளை" என்றார். மனைவி வாங்கிக் கடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"பழமெல்லாம் கன்றிக் கிடக்கு. வழி முழுக்கக் குலுக்கிக்கொண்டோ வந்தனீங்கள்?"

"குலுக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கு" என்றேன்.

வாய் நிறையப் பழம் இருந்ததால் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.