துடைக்காத செம்பு

இடமிருந்து வலமாக ஏழு இழுப்பு. மெருகுப் பசை தொட்ட வெள்ளைத் துணியில் கறுப்பு இறங்க இறங்க, நாணயம் அளவுச் செம்பு வில்லை பளிச்சென்று முகம் காட்டும். அந்தத் துணியைத் தேதி எழுதிய உறைக்குள் போட்டுவிட்டுப் பதிவேட்டில் ஒரு டிக் அடிப்பார் மார்லீன். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் இதே வேலை.

செம்பில் பிசுக்கு ஒட்டும் என்று பனிக்காலத்தில்கூட கைக்குக் களிம்பு தடவமாட்டார். விரல் நுனிகள் வெடித்துக் கிடக்கும். மதியம் வெண்ணெய் தடவிய ரொட்டியை முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுவார். சோதனைக்கூடத்தில் யார் கை நீட்டினாலும் முழங்கையைத்தான் நீட்டுவார். பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த மந்திரிக்கும் அதே முழங்கைதான் கிடைத்தது.

விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது படும் சூட்டை இங்கே ஒரு குழாய்க்குள் உண்டாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் காற்று அணு அணுவாகப் பிரிந்துவிடும். பிரிந்தவை எதன் மேலாவது பட்டு மறுபடி சேரும்போது அங்கேயே இன்னும் கொஞ்சம் சூட்டை இறக்கும். எவ்வளவு இறங்குகிறது என்று செம்பை வைத்து அளந்துவிட்டு, அதே தீயில் விண்கலத்தின் கவச ஓடு ஒன்றை வைப்பார்கள்.

"செம்புதான் கல்யாணத் தரகர். அவர் முகம் கழுவாம வந்தா பாதி ஜோடி சேராமலே போயிடும். சூடு கம்மின்னு நாம ஏமாந்துடுவோம்" என்பார் மார்லீன்.

இளம் பொறியாளர் எல்கே நான்கு வருடம் பாடுபட்டுச் செய்த ஓடு ஒரு செவ்வாய்க்கிழமை சோதனையில் விரிசல் விட்டது. வெள்ளிக்கிழமை அதை நிராகரித்துக் கடிதம் வந்தது. எல்கே யாரிடமும் பேசாமல் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்த மார்லீன் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை காலை துடைத்ததாக ஞாபகமே இல்லை. பதிவேட்டில் டிக் இருந்தது. உறையைப் பிரித்தார். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம். உறையோடு நேராகத் தலைவர் வெர்மூலனின் அறைக்குப் போய், எல்கேயையும் கூப்பிட்டு, துணியை மேசைமேல் விரித்தார். கறுத்த செம்பு குறைத்துக் காட்டியதால் தீயைக் கூட்டிவிட்டோம், ஓடு தன் பங்குக்கு மேல் சூடு தின்றது, தப்பு ஓட்டின் மேல் இல்லை என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள்தான் தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். அதைச் சொல்லவில்லை.

வெர்மூலன் துணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்லலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது, மார்லீன்."

"டிக் பொய், சார். துணி பொய் சொல்லாது."

இன்னும் ஒரே ஒரு ஓடுதான் மிச்சம். அதை வைத்து மதியமே மறுசோதனை என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் எல்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள மார்லீனுக்கும் ஆசைதான்.

வெடித்த விரல்களை மடக்கிக்கொண்டு, முழங்கையை நீட்டினார்.