பரிசத் தட்டு

மலாயாவுக்கு மெர்டேகா, அதாவது சுதந்திரம், வந்தால் எங்களுக்கும் விடியும் என்று நம்பிய மடையர்கள் மலாக்காவின் காஜா பெராங்கில் இரண்டே பேர். ஒருவன் நான், அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவன். இன்னொருவன் பஸ் கண்டக்டர், மலாக்கா செட்டி வீட்டுப் பிள்ளை. நெற்றி நிறைய விபூதி பூசுவான், பல தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம், தமிழ் மட்டும் வராது. எங்கள் காதல் முழுக்க மலாயில்தான் நடந்தது.

ஒருநாள் கிளேபாங் கடற்கரையில் அவன் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். ரோந்து வந்த போலீஸ்காரர் தடியால் அவன் காலைத் தட்டி எழுப்பினார். இன்னொரு தடவை பார்த்தால் இரண்டு பேரும் ஜெயிலுக்குத்தான், சட்டம் அப்படி என்றார். அவர் தலை மறைந்ததும் நான் கிளம்ப எழுந்தேன். ஆனால் அவன் சிரித்தான். அது வெள்ளைக்காரன் சட்டம்தானே, அவன் கப்பல் ஏறும்போது அதுவும் போய்விடும் என்றான். கல்யாணத்துக்கு நச்சரித்த அம்மாவிடம், "மெர்டேகா முடியட்டும்" என்று சாக்குச் சொல்லிவந்தான். அதற்குப் பிறகு தெங்கேராவில் ஓர் அறை எடுத்து ஒன்றாக இருப்பதாகத் திட்டம்.

மெர்டேகா வந்தது. பாடாங் திடலில் தொண்டை கிழியக் கத்தினோம். மறுவாரம், கோர்ட்டில் வேலை பார்த்த தெரிந்த அண்ணன் ஒருவரிடம் யாருக்கோ கேட்பதுபோல் விசாரித்தேன்.

"கொடிய மாத்துனா சட்டமும் மாறிடுமா, தம்பி? எல்லாம் அப்படியேதான் இருக்கு லா. அந்த மாதிரி ஆளுங்க மாட்டுனா, உள்ளதான்."

அவனிடம் சொன்னேன். சிங்கப்பூருக்கு ஓடிவிடலாம் என்று கெஞ்சினேன், காலில்கூட விழுந்தேன். அங்கேயும் அதே சட்டம்தான் என்றான். இனி அம்மாவிடம் சொல்ல அவனிடம் சாக்கு எதுவும் இல்லை.

செட்டிகளுக்குத் தமிழ் போனாலும் பரிசம் போடும் வழக்கம் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேலையும் வெற்றிலையும் தட்டில் வைத்து ஊர்வலமாகப் போக வேண்டும். முதல் தட்டை அவன் அம்மா என் கையில் கொடுத்தார். அவனுக்கு நான் கூடப்பிறந்தவன் மாதிரியாம். மறுக்க எனக்கு என்ன காரணம் இருந்தது? வெளியில் சொல்லக்கூடியதாக ஒன்றுகூட இல்லை.

பெண்ணின் அப்பா வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினார். என் விரல்கள் தட்டை விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இழுத்தார். பின்னால் யாரோ கேலி செய்தார்கள். பக்கத்தில் நின்ற அவன் என் காதருகே குனிந்து, கெஞ்சும் குரலில், "காசி லா" என்றான். கொடுத்துவிடு என்று அர்த்தம்.

கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது.