சாலம்மாள் கொடுத்த விதைச் சாமை

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் அத்திப்பள்ளம். அங்கே சாலம்மாளுக்கு ஒரு மானாவாரிக் காடு இருக்கிறது. காடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் மண், அதைவிட ஜாஸ்தி கல். அதில் சாமை விளைகிற வரைக்கும்தான் அவளுக்கு மலையில் இருப்பு. விளையாத வருஷம் கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்ட இறங்க வேண்டியதுதான். கல்யாணமான புதிதில் புருஷன் கண்ணுசாமியோடு அப்படி இறங்கியிருக்கிறாள். தோகைக் குடிசையில் படுத்து, மேஸ்திரியின் வாயிலிருந்து வந்ததையெல்லாம் காதில் வாங்கி, கடைசியில் மூத்த பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். செத்தாலும் இனிக் கரும்புக்கு இறங்குவதில்லை என்று அன்றைக்குச் சொன்னவள், இன்றுவரை இறங்கவில்லை.

அதனால் விதைதான் அவளுக்கு உயிர். அறுப்பு முடிந்ததும் நல்ல மணியாகப் பார்த்து ஒதுக்கி, சாம்பல் கலந்து, மூங்கிலில் பின்னி மண் பூசிய தொம்பையில் கொட்டி, வாயை மெழுகி மூடிவிடுவாள். வீட்டில் கஞ்சிக்கு இல்லாவிட்டாலும் அதில் கை வைக்க மாட்டாள். மலைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. விதை என்று கேட்டு வந்தவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. வாங்கினவன் அடுத்த விதைப்புக்கு முன்னால் இரட்டிப்பாகக் கொண்டுவந்து கொட்டிவிடுவான். சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. போய்க் கேட்பதே மரியாதைக் குறைவு. கவர்மெண்டும் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நம்பினாள் பாருங்கள், அங்கேதான் அவளைச் சனி பிடித்தது.

மாசி மாதம் ஊர்க்கோடியில் ஒரு கட்டடம் எழும்பியது. உள்ளே சாமையின் உமி நீக்குகிற மிஷின். மலைமக்களின் வறுமையை ஒழித்து வட்டாரப் பொருளாதாரத்தை வளர்க்கும் திட்டமாம். நல்ல திட்டம்தான், யார் இல்லையென்றது? உரலில் குத்திக் குத்தித் தோள் இற்றுப்போன பெண்களுக்கு மிஷின் கசக்குமா? ஆனால் அது ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அத்திப்பள்ளத்தில் இருப்பதோ ஒரு பல்பு போட்டால் இன்னொரு பல்பு மங்குகிற மின்சாரம். யானை வாங்கின புண்ணியவான்களுக்கு அங்குசம் வாங்கத் தோன்றவில்லை.

திறப்பு விழா நெருங்கியபோது திட்ட அலுவலர் முருகவேல் ஜீப்பில் வந்து இறங்கினார். சாலம்மாள்தான் மகளிர் குழுத் தலைவி, அவளைத்தான் கூப்பிட்டார்.

"சாலம்மா, மிஷின்ல போட்டு ஓட்டிக் காட்ட சாமை வேணும். பெரியவங்கல்லாம் வராங்க."

"இந்த மாசத்துல சாமைக்கு எங்க சார் போறது? எல்லார் வூட்லயும் வெதச் சாமைதான் இருக்குது."

"அதயே குடும்மா. வெதைதான, நான் தரேன். மானியத்துல மூட்ட மூட்டயா வரப்போவுது."

விதை தருகிறேன் என்று ஒரு மனுஷன் வாயால் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? மற்றப் பெண்கள் தயங்கினார்கள். "நீங்க வெச்சிக்கங்க, நான் குடுக்கறேன்" என்று தலைவிக்கே உரிய பெருமையோடு சொல்லிவிட்டு, தொம்பையின் வாயை உடைத்து மொத்தத்தையும் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தாள்.

விழா அன்று லாரியில் ஜெனரேட்டர் வந்தது. மிஷின் ஓடியது. உமி ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம், ஒரே கைதட்டல். உமி போன சாமை முளைக்காது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், முருகவேலுக்கும் தெரியும். அந்த அரிசியிலேயே பாயசம் காய்ச்சினார்கள். கீழே இருந்து வந்தவர்கள் முந்திரியைப் பொறுக்கித் தின்று ஏப்பம் விட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! சாலம்மாளின் கையில் ஒரு பிடி அரிசியைக் கொடுத்துச் சிரிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். சாயங்காலம் ஜெனரேட்டர் லாரியேறிப் போய்விட்டது. மிஷின் அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

பங்குனி போனது, சித்திரை போனது, விதை வரவில்லை. போய்க் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. கொடுத்தவள் கேட்டால் வாங்கினவனுக்கு அவமானமாயிற்றே என்று அந்த ஆளுக்காக இவள் கூச்சப்பட்டாள்! வைகாசியில் வானம் கறுத்தது. கண்ணுசாமி வாயைத் திறந்தான்.

"மேஸ்திரியாண்ட சொல்லி வெக்கட்டுமா, இந்த வருசம் கரும்புக்கு வரோம்னு?"

மறுநாள் அவள் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சியில் இருக்கும் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். முருகவேல் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னாம்மா நீ, மிஷினே குடுத்திருக்கோம், இன்னும் வெத வெதன்னு வந்துகினு இருக்க? உங்களுக்கு எவ்ளோ செஞ்சாலும் பத்தாதா?"

ஏமாற்றினான் என்றால்கூடப் போகட்டும். தன் விதையைக் கேட்க வந்தவளைப் பிச்சைக்காரியாக்கி, பக்கத்து மேஜைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறானே! மலையில் திருடனுக்குக்கூட அந்த வாய் வராது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் காறித் துப்பினாள். துப்பியும் வாய்க் கசப்பு போகவில்லை.

மழை பெய்து ஓய்ந்த காலையில் பக்கத்து வீட்டுத் தைலம்மாள் ஒரு கூடையோடு வந்து நின்றாள். தன் விதையில் பாதியை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"இந்தா, பாதிய நீ போடு, பாதிய நான் போடறேன். ரெண்டு வூடும் அர வயிறு குடிப்போம். கரும்புக்கு மட்டும் போவாத."

தைலம்மாளுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. சாலம்மாளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை, ஈரம் காய்ந்துவிடும். கண்ணுசாமி உழுத காட்டில் மேல் கோடியிலிருந்து விதைத்துக்கொண்டு வந்தாள். பாதிக் காடு முடிந்திருந்தபோது வண்டிகள் வந்தன. சென்னையிலிருந்து ஆய்வுக் குழு. மிஷினைக் காட்ட மின்சாரம் இல்லாததால் முருகவேல் அவர்களை நேராகக் காட்டுக்குள் அழைத்து வந்துவிட்டார்.

"இவங்கதான் சார் நம்ம பயனாளி. நம்ம திட்டத்துல குடுத்த வெதையத்தான் இப்ப வெதைக்கறாங்க. சாலம்மா, அப்பிடியே கைய வீசும்மா. கொஞ்சம் சிரி."

கேமராக்கள் மேலே எழும்பின. பிடி விதையோடு அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. வீசினால் அது இவர்களுடைய படம். வீசாவிட்டால் அவளுக்குக் கரும்புக் காடு. அட அல்பப் பயல்களா, ஒருத்தியின் பாதிக் கஞ்சியையுமா உங்கள் கணக்கில் எழுதிக்கொள்வீர்கள்? குனிந்து பார்த்தாள். அவர்கள் எல்லோரும் பூட்ஸ் காலோடு விதைத்த மண்ணில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நவுருங்க" என்றாள்.

"ஒரே ஒரு போட்டோம்மா."

"இது தைலம்மா வூட்டு வெத. நீ குடுத்தது இல்ல. அவ புள்ளைங்க குடிக்கற கஞ்சிய மிதிச்சிகினு நிக்கற. எறங்குடா காட்ட வுட்டு!"

முருகவேல் சென்னைக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். "மலை ஜனங்க சார். வெள்ளந்தி. மனசுல பட்டத பேசிடுவாங்க."

அவர்களும் சிரித்தார்கள். அவள் சொன்னதற்காகக் கொஞ்சம் நகரவும் செய்தார்கள். நகர்ந்து, வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து, அவள் அப்போதுதான் விதைத்துவிட்டு வந்த உழவுசாலில் போய் நின்றார்கள்.