பேனா நின்ற இடம்

கடல் நடுவே, எண்ணெய்க் கிணற்றின் மேல் நிற்கும் அந்த இரும்பு மேடைக்கு அவர் ஒருவர்தான் வைத்தியர். படித்தது நர்ஸ் படிப்பு, கிடைத்தது டாக்டர் பட்டம். சமையல்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் ‘டாக்டரே’தான். நகச்சுற்று, கண்ணில் விழுந்த தூசி, வீட்டு நினைப்பில் வரும் வயிற்றுவலி, எதுவானாலும் அவருடைய ஜன்னலில்லாத அறையைத்தான் தட்டுவார்கள்.

அங்கே ஆள் அதிகம், கட்டில் குறைவு. பகல் ஷிப்டுக்காரன் எழுந்துபோன படுக்கையில் இரவு ஷிப்டுக்காரன் வந்து விழுவான். தலையணைச் சூடுகூட ஆறியிருக்காது. அதனால்தான் வருஷம் ஒருமுறை எல்லோருக்கும் காசநோய்ச் சோதனை. முன்கைத் தோலில் ஒரு சின்ன ஊசி. இரண்டு நாள் கழித்து அந்த இடம் தடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, தடிப்புதான் முக்கியம். அவர் பால்பாயிண்ட் பேனாவைத் தோலில் மெல்ல நகர்த்துவார். தடிப்பு தொடங்கும் இடத்தில் பேனா தானாக முட்டி நிற்கும்.

போன வருஷம் கிரேன் ஓட்டும் மைத்துனன், அவரே சொல்லி வேலைக்குச் சேர்த்த மனைவியின் தம்பி, கையை நீட்டியபோது அது ஜில்லென்றிருந்தது.

“என்ன மாப்ளே, கையை ஐஸ்ல ஊறப்போட்டுட்டு வந்தியா?”

“கிச்சன்ல கேட்டேன், கொஞ்சம் குடுத்தாங்க... மாமா, இதுல ஏதாச்சும் வந்தா கரைக்கு அனுப்பிடுவாங்களாமே. இப்பதான் வேலைய நிரந்தரம் பண்றோம்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் அக்காவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

ஐஸுக்குக் கரைகிற தடிப்பா அது? பேனா இரண்டு பக்கமும் முட்டி நின்றது. கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்வரை பிறருக்கு ஒட்டாது என்பது அவருக்குத் தெரியும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அது விழிக்காமலிருக்க மாத்திரை கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். முதலாவதை மட்டும் நினைத்துக்கொண்டார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பேனாக்கோட்டை அழித்தார்.

“ஒண்ணுமில்ல. போ.”

இந்த வருஷம் மைத்துனன் இருமத் தொடங்கினான். ஏசிக் காற்று, டீசல் புகை என்று நாளுக்கொரு காரணம் சொன்னான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டான். அதே கட்டிலில் அடுத்த ஷிப்டு தூங்கும் வெல்டர்தான் சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தான்.

“டாக்டரே, உங்க மச்சான் இருமுற இருமல்ல கட்டில் நட்டெல்லாம் கழண்டுபோச்சு. நான் வெல்டிங் வச்சுட்டுத்தான் படுக்கறேன்.”

மேஜையே சிரித்தது. அவர் பாதிச் சோற்றோடு எழுந்தார்.

அன்றே மைத்துனனைத் தனி அறைக்கு மாற்றினார். சளி சோதனைக்காகக் கரைக்குப் போனது. காசநோய்தான் என்று பதில் வந்தது. கரை டாக்டரிடம் போனில், “போன வருஷமே எனக்குத் தெரியும் சார்” என்று சொல்லிவிட்டார். கரை டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

“முதல்ல கூட இருந்தவங்களப் பாருங்க. உங்க விஷயத்த அப்புறம் பேசுவோம்.”

ஹெலிகாப்டர் ஏறுமுன் மைத்துனன் முகமூடிக்குள்ளிருந்து கேட்டான்: “அன்னிக்கே இருந்துச்சா மாமா?”

தலையாட்டினார்.

“நான் ஐஸ் வச்சேன், முட்டாள். நீங்க முட்டாள் இல்லையே மாமா.”

ஹெலிகாப்டர் விசிறியின் இரைச்சலில் பதில் சொல்லத் தேவையில்லாமல் போனது. அந்த நிம்மதிக்கும் சேர்த்துக் கூசிப்போனார்.

அடுத்து வெல்டருக்கு ஊசி போட்டார். இரண்டாம் நாள் அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தான். கை வெதுவெதுப்பாக இருந்தது.

“பொண்ணு பொறந்து இன்னும் மூஞ்சியக்கூடப் பாக்கல டாக்டரே. அடுத்த ஹெலிகாப்டர்ல கிளம்பறேன். ஒண்ணுமில்லல்ல?”

போன வருஷம் இதே கையில் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது அவருக்கு ஞாபகமிருந்தது. இப்போது முட்டி நின்றது. மறுபக்கத்திலிருந்து நகர்த்தினார். அங்கேயும் நின்றது. பஞ்சும் ஸ்பிரிட்டும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன.

“இருக்குப்பா” என்றார். “உக்காரு. இதுக்கு மாத்திரை இருக்கு, பயப்படாத. எங்கேயிருந்து வந்துச்சுன்னும் சொல்றேன்.”