சாவா, ஒழிகவா

ஒரு சொல்லுக்காக நானும் என் தோழியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. ஸ்டுட்கார்ட்டில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து படங்களுக்கு ஜெர்மன் சப்டைட்டில் போடுகிறவர்கள் நாங்கள். ஈரானியப் பெண்ணான அவள் பாரசீகத்திலிருந்து மொழிபெயர்ப்பாள். நான் அதைத் திரையில் இரண்டு வரிக்குள் அடக்குவேன். குழலுக்குள் பிட்டு மா போடுகிற மாதிரி வேலை அது. அழுத்திப் போட்டால் கல்லாகிவிடும், தளர்த்திப் போட்டால் உதிர்ந்துவிடும்.

அந்த முறை வந்தது இந்த ஊர் ஈரானியப் பெண்களைப் பற்றிய ஆவணப்படம். தொலைக்காட்சியில் வரப்போவது. நகரச் சதுக்கத்தில் ஆர்ப்பாட்டம் நடக்கிறது. முன்வரிசையில் ஒரு பெண் பூப்போட்ட குடையை உயர்த்திப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க, "மர்க் பர் டிக்டேட்டர்" என்று கத்துகிறார். அவர் என் தோழியின் அம்மா. நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர்.

மர்க் என்றால் சாவு. சர்வாதிகாரிக்குச் சாவு, அவ்வளவுதான். தோழி அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஈரானில் வாகன நெரிசலைக்கூட இப்படித் திட்டுவார்களாம், அதற்காக யாரும் கத்தியைத் தூக்குவதில்லையாம். அது எனக்கு விளங்காமல் இல்லை. நிற்காமல் போகிற பஸ்காரனை "கட்டையிலை போவான்" என்று என் அம்மா வாழ்த்தாத நாளில்லை. மறுநாள் அதே ஆளுக்குச் சிரித்தபடி வணக்கம் சொல்லித்தான் ஏறுவார்.

தமிழ் என்றால் "ஒழிக" என்று போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கலாம். சுவர் சுவராக எழுதித் தேய்ந்த சொல். ஜெர்மனுக்கு அந்தச் சொகுசு கிடையாது. ஒன்று "டோட்", சாவு. இல்லையென்றால் "நீடர் மிட்", வீழட்டும். தோழி நீடர் மிட் பக்கம், நான் டோட் பக்கம். சின்னச் சொல், கோஷம் ஓடுகிற வேகத்துக்குத் திரையில் கச்சிதமாக நிற்கும். போதாததற்கு, அன்ரியின் அந்த முகத்துக்குக் கீழே "வீழட்டும்" என்று போட்டால் பார்க்கிறவன் சிரிப்பான்.

தோழியின் உண்மையான பயம் பிறகுதான் வெளியே வந்தது. அன்ரி ஒரு சலூன் நடத்துகிறார். வருகிறவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்து ஜெர்மன் மூதாட்டிகள். எங்கள் பேச்செல்லாம் ஜெர்மனில்தான், ஆனால் எனக்குள் அது எங்கள் வீட்டுத் தமிழாகவே பதிந்து கிடக்கிறது.

"கையிலை கத்தரிக்கோல் வச்சிருக்கிற மனிசி ரீவியிலை சாவு சாவு எண்டு கத்தினா, ஆரடி அவவிட்டைத் தலையைக் குடுப்பினம்?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கடை போனா அம்மாவுக்கு வேறை ஒண்டும் இல்லை" என்றாள். அதற்குப் பிறகுதான் பேச்சு நின்றது.

கடைசியில் இயக்குநர், பொறுமைசாலியான ஒரு ஜெர்மன் பெண், "கத்தினவவையே கேப்பம்" என்றார். திங்கட்கிழமை சலூன் பூட்டு. அன்றைக்கு மூவரும் போனோம். அன்ரி கண்ணாடிக் குவளைகளில் தேநீரும் தட்டு நிறையப் பிஸ்தாவும் வைத்தார். இயக்குநர் மடிக்கணினியில் காட்சியைக் காட்டி, இரண்டு சொல்லையும் சொல்லி, எதைப் போடலாம் என்று கேட்டார்.

"மகள் சொல்றதுதான் சரி. எனக்கு எதெண்டாலும் சந்தோசம்."

இயக்குநர் உடனே கணினியை மூடினார். தோழி நிம்மதியாக ஒரு பிஸ்தாவை உடைத்தாள்.

எனக்கு மட்டும் சுருக்கென்றது. சின்ன வயதில் ஒரு ஜெர்மன் சிநேகிதி வீட்டில் கேக் வேண்டுமா என்று கேட்டார்கள். "வேண்டாம்" என்றேன். தட்டு அப்படியே உள்ளே போய்விட்டது, நான் வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீடுகளில் முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வேண்டாம் கூடுதல் மரியாதைக்கு. மூன்றாம் தரம் கேட்டால்தான் உண்மையான பதில் வரும். ஈரானியர்கள் இதில் எங்களுக்கே பாடம் எடுப்பார்கள். ஒரு வாசலைத் தாண்டுவதற்குள் நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று தேநீர் ஆறிவிடும். தோழி இங்கேயே பிறந்தவள். தவிர, அவள் கேட்க விரும்பிய பதில் அது.

"அன்ரி, உண்மையாய் உங்களுக்கு அது சரியே?"

"ஓம் பிள்ளை, சரிதான்." மடித்து வைத்திருந்த தலை துடைக்கிற துவாயை எடுத்து விரித்து, மறுபடி மடித்தார்.

"அண்டைக்குச் சதுக்கத்திலை நீங்கள் என்ன சொன்னனீங்கள், அன்ரி?"

துவாய் மேசைக்குப் போனது.

"சாவு எண்டுதான் சொன்னனான். அங்கை இருக்கேக்கை இந்தச் சொல்லைக் குளியலறைக்குள்ளை, பைப்பைத் திறந்துவிட்டிட்டுத்தான் சொல்லுவன். தண்ணிச் சத்தத்திலை பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. எனக்கே கேக்காது. இஞ்சை வந்துதான் முதல்முதல் என்ரை காதுக்குக் கேக்கச் சொன்னனான். ஒருத்தரையும் கொல்லுற எண்ணம் எனக்கில்லை. ஆனா அந்தக் கோவம் என்ரை. நீங்கள் திரும்பவும் பைப்பைத் திறக்கப் போறியளோ?"

தோழி எழுந்து போய் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "கடைக்கு ஆக்கள் வராட்டி?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"வாறவை வரட்டும்."

டோட் என்றே போட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக வேறு எந்த வரியையும் போட்டதில்லை.

படம் ஒளிபரப்பான மறுநாள் காலை நானும் தோழியும் சலூனில் போய் உட்கார்ந்துகொண்டோம், காவலுக்கு வந்தவர்கள் மாதிரி. முன்பதிவில் முதல் டெர்மின் வாராவாரம் வந்து தலை அலங்கரித்துக்கொள்கிற ஒரு மூதாட்டிக்கு. நேரம் தாண்டியும் ஆளைக் காணவில்லை. தோழி நகம் கடிக்கத் தொடங்கினாள். அன்ரி சீப்புகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார்.

கதவு திறந்தது. மூதாட்டி கோட்டைக் கழற்றி மாட்டினார், பஸ் பிந்திவிட்டது என்று மட்டும் சொன்னார், நாற்காலியில் அமர்ந்தார். அன்ரி தலையைக் கழுவித் துடைத்து, உலர்த்தியைப் போட்டார். அந்த இரைச்சலுக்குள் மூதாட்டி கண்ணாடியைப் பார்த்து மெல்ல ஏதோ சொன்னார். தோழியின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சொன்னனீங்கள்?" அன்ரி குனிந்தார்.

மூதாட்டி வெட்கத்தோடு தன் முன்நெற்றி மயிரைத் தொட்டுக் காட்டினார். "நரைக்குச் சாவு எண்டனான்."

அன்ரிக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று, அப்படி ஒரு சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உலர்த்தியை நிறுத்தி ஓரமாக வைத்தார். கடை அமைதியானது.

"இப்ப சொல்லுங்கோ," என்றார், "சத்தமாய்."